அறுபது ஓம்: வண்டித் துறைக்குத் தயாராவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு பிள்ளை வரும். கூடவே அம்மாவோ தாய்மாமாவோ இருப்பார்கள். கையில் மார்க் ஷீட். “அக்கா, வண்டி கம்பெனியில வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?” பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஒரு பதில், பி.யு.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்த பிள்ளைக்கு வேறு பதில். பதினாறு வருடமாகப் பெங்களூரில் வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அப்பா கலாசிப்பாளையத்தில் லாரி மெக்கானிக். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்து, இந்த வேலைக்கு வந்தவள். வந்தவர்களிடம் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அளக்கப் பழகுங்கள். அதை எனக்குப் புரிய வைத்த வண்டியின் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம். சோதனை கார் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும், ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழும், இரண்டு நொடியில் எல்லாம் சரியாகிவிடும். மூன்று நாள் போராடினோம். இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டை மாற்றினோம், மீட்டர் கிளஸ்டரை மாற்றினோம், சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினோம். கோளாறு போகவில்லை. நான்காம் நாள், லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன் வந்தார். சேலத்துக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர். பேட்டரியின் எர்த்தைக் கழற்றினார். சில நிமிடம் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் ஓ.பி.டி. சாக்கெட்டில் 6ஆம் பின்னிலும் 14ஆம் பின்னிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். 120 காட்டியது.

“இங்க அறுபது வரணும்மா,” என்றார்.

வண்டிக்குள் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேன் என்ற இரண்டு வயர் லைனில். பாஷ் கம்பெனி 1986இல் அறிமுகப்படுத்திய முறை இது. இந்த லைனின் இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் பேரலலாக இருப்பதால் நடுவில் எங்கே அளந்தாலும் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது என்று பொருள். முனையில் ரெசிஸ்டர் இல்லாத லைனில் சிக்னல் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு மோதும். அவர் முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு வயரிங் கட்டைப் பிடித்து அசைத்தார். மீட்டர் 60க்கும் 120க்கும் தாவியது. ஒரு கனெக்டரில் பின் ஒன்று சரியாகப் பூட்டாமல் பின்னால் தள்ளிப்போயிருந்தது. வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது.

மூன்று நாள் பொருளை மாற்றினோம், யாரும் அளக்கவில்லை. சீட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடம் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் இந்த வேலை என்னவென்று பிடிபட்டது. டிசைனுக்குப் போனாலும், டெஸ்டிங்குக்குப் போனாலும், உற்பத்திக்குப் போனாலும், “இவ்வளவு இருக்க வேண்டும், இவ்வளவு இருக்கிறது, ஏன்?” என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே ஆரம்பிக்க என்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு மூன்று மீட்டர் டேப், ஒரு நோட்டு. மல்டிமீட்டரை எஸ்.பி. ரோட்டில் வாங்கலாம். ரொம்ப மலிவானதை எடுக்க வேண்டாம், அதன் வயர் ஒரே மாதத்தில் உள்ளே அறுந்துவிடும்.

வீட்டில் இருக்கும் பைக்கின் பேட்டரியை முதலில் அளந்து பாருங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கும். இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் ஏறும். செல்ஃப் அடிக்கும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். காலையில் ஒரு தடவை, வேலைக்குப் போய் வந்ததும் ஒரு தடவை என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். பேட்டரி கிழடாகும்போது எந்த எண் முதலில் மாறும் என்று உங்களுக்கே தெரிய வரும். மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரி பக்கம் போக வேண்டும். ப்ளஸ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மோதிரம் மாட்டினால் அது சிவக்கச் சூடாகி விரலைச் சுட்டுவிடும். எங்கள் அப்பாவின் வலது கை மோதிர விரலில் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

அடுத்து டயர். பக்கவாட்டில் 100/90-17 என்று போட்டிருந்தால், அகலம் 100 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ., ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. மேலே ஒரு 90, கீழே ஒரு 90 சேர்த்தால் விட்டம் 611.8. சுற்றளவு 1,922 மி.மீ. வருகிறதா? சரி, இப்போது டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியைத் தள்ளி ஒரு முழுச் சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்து பாருங்கள். கணக்கில் வந்ததைவிடக் குறைவாகத்தான் வரும். தம்பியை மேலே உட்கார வைத்து உருட்டினால் இன்னும் குறையும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பாருங்கள். பாரம் ஏறினால் டயர் நசுங்குகிறது. தேய்ந்தால் சிறுத்துவிடுகிறது. வண்டியோ சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. அப்படியானால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் எவ்வளவு நிஜம்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்யலாம்.

மூன்றாவதாக பேரிங், அதாவது சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம். ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய 6205 பேரிங் ஒன்று கேட்டு வாங்குங்கள். வெர்னியரில் அளந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. எண்ணின் கடைசி இரண்டு இலக்கமான 05ஐ ஐந்தால் பெருக்கினால் 25, அதுதான் உள்விட்டம். இந்த வகையில் 04இலிருந்து மேலே எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இது எனக்குத் தெரியாமல் பட்ட அடியை அப்புறம் சொல்கிறேன்.

பத்தாவது முடித்தவர்களுக்கு

டிப்ளமோவை யாரும் குறைவாகப் பேசினால் காதில் வாங்காதீர்கள். மூன்று வருடம் பட்டறை, டிராயிங், லேப் என்று கை பழகும். முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கர்நாடகத்தில் அதற்கு டி.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், நடத்துவது கே.இ.ஏ. என்ற கர்நாடகத் தேர்வு ஆணையம். நான் வந்த வழி இதுதான். மறுபடி படிக்கச் சொன்னாலும் இதையே எடுப்பேன்.

ராஜாஜிநகரில் அரசு நடத்தும் கருவிக்கூடப் பயிற்சி மையம் ஜி.டி.டி.சி. இருக்கிறது, பீன்யாவில் என்.டி.டி.எஃப். என்ற தொழில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. டூல் அண்ட் டை (அச்சும் கருவியும் செய்வது), மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்தது) போன்ற டிப்ளமோக்களுக்கு இவை இரண்டுக்கும் தொழில் வட்டாரத்தில் நல்ல மரியாதை. அங்கே படித்த பிள்ளை ஒரு மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் டொயோட்டா 2007இல் தொடங்கிய பயிற்சி நிலையம், பத்தாவது முடித்த கர்நாடகப் பிள்ளைகளைத் தங்க வைத்துச் சொல்லித்தருகிறது. ஐ.டி.ஐ. என்றால் மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அந்தச் சேலத்து அண்ணனும் ஐ.டி.ஐ.தான் என்பதை மறக்க வேண்டாம்.

பி.யு.சி. முடித்தவர்களுக்கு

ஆட்டோமொபைலா, மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்ஸா? பெங்களூரில் இருந்துகொண்டு கேட்டால் என் பதில் இது. இந்த ஊரில் வண்டி வேலை என்பது பெரும்பாலும் டிசைன், சாஃப்ட்வேர், சோதனை. ஆடுகோடியில் பாஷ் இருக்கிறது. மைக்கோ என்ற பெயரில் 1951இல் இங்கே தொடங்கப்பட்ட கம்பெனி, எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்னும் மைக்கோ என்றுதான் சொல்வார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் தன் ஆராய்ச்சி மையத்தை இங்கே 1996இல் தொடங்கியது. ரேவா என்ற மின்சாரக் கார் 2001இல் இந்த ஊரிலிருந்துதான் ரோட்டுக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய மின் ஸ்கூட்டர் கம்பெனி ஏத்தரும் இங்கேதான் வளர்ந்தது, ஸ்கூட்டரை ஓசூரில் செய்கிறார்கள். வயரும் சிக்னலும் பிடிக்கும் பிள்ளை தயங்காமல் எலக்ட்ரானிக்ஸோ எலக்ட்ரிக்கலோ எடுக்கலாம். இரும்பு பிடிக்கும் பிள்ளைக்கு மெக்கானிக்கல், அது அகலமான கதவு. ஆட்டோமொபைல் என்றே படிக்க ஆசையிருந்தால், நல்ல லேப் உள்ள இடமாகப் பார்த்துச் சேருங்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949இலிருந்து இந்தப் பாடம் இருக்கிறது. மேலே எம்.டெக். போக கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுவதானால் ஆட்டோமொபைலுக்கென்று தனித் தாள் கிடையாது, பெரும்பாலும் மெக்கானிக்கல் தாள்தான் எழுத வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சீட் விஷயத்தில் ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இடையில் இங்கே குடிவந்த குடும்பங்கள் ஏமாந்துவிடுகிறார்கள். கர்நாடக ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக ஏழு வருடம் கர்நாடகப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் கே.இ.ஏ. தரும் விதிப் புத்தகத்தை நீங்களே வரி வரியாகப் படியுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாஹா அல்லது ஃபார்முலா ஸ்டூடென்ட் அணி இருக்கிறதா என்று கேளுங்கள். மாணவர்களே ஒரு வண்டியை வரைந்து, வெல்டிங் செய்து, ஓட்டிக் காட்டும் போட்டிகள் இவை. பாஹாவுக்கு இந்தூர் பக்கம் பீத்தம்பூர், ஃபார்முலா ஸ்டூடென்ட் வகைப் போட்டியான ஃபார்முலா பாரத்துக்குக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று போவார்கள். முதல் வருடமே சேருங்கள். முதலில் உங்களுக்குக் கிடைப்பது தரையைக் கூட்டுவதும் போல்ட் எண்ணுவதும்தான். பரவாயில்லை. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) என்று பட்டியல் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வண்டியை முழுதாக அறிந்துகொள்ள அதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

சாஃப்ட்வேர்களில் எல்லாவற்றையும் தொட வேண்டாம். டிசைன் பக்கம் என்றால் கேட்டியா, என்.எக்ஸ். போல ஒன்றை ஆழமாக. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் என்றால் சி மொழி, மேட்லேப், சிமுலிங்க். சோதனைப் பக்கம் வந்தால், கேன் லைனில் போகும் செய்திகளைப் பார்க்க உதவும் கேனோ என்ற கருவியை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். அது கையில் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். இரண்டு ஆர்டுயினோ போர்டு (சின்னக் கம்ப்யூட்டர் போர்டு), அதைக் கேன் லைனில் இணைக்க இரண்டு எம்.சி.பி.2515 மாட்யூல் வாங்கினால் மேசை மேலேயே ஒரு கேன் லைன் போட்டுவிடலாம். அந்த மாட்யூலில் 120 ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்கவும் விலக்கவும் ஒரு ஜம்பர், அதாவது கழற்றி மாட்டும் சின்ன இணைப்பு, இருக்கும். இரண்டிலும் ஜம்பர் போட்டு அளந்தால் 60 வரும், ஒன்றை எடுத்தால் 120. எடுத்த பிறகும் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் உங்கள் வயர் அரை அடிதான். வயரை நீளமாக்கி, வேகத்தைக் கூட்டி, எப்போது தடுமாறுகிறது என்று பாருங்கள். எங்கள் சோதனைக் கார் ஏன் மூன்று நாள் கண்ணாமூச்சி காட்டியது என்று அப்போது புரியும்.

காசு கொடுத்துப் படிக்கும் குறுகிய கோர்ஸ்கள் பற்றி மனம் நொந்துதான் சொல்கிறேன். மூன்றாம் வருடம் படிக்கும்போது, வேலை நிச்சயம் என்று சொன்ன ஒரு டிசைன் கோர்ஸில் சேர்ந்தேன். அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த இருபத்திரண்டாயிரம் ரூபாய். மூன்று மாதம் திரையில் இருந்ததைப் பார்த்து அப்படியே வரைந்தோம், சர்டிஃபிகேட் கொடுத்தார்கள், வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு நேர்காணலில் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, “6205 பேரிங் உட்கார ஒரு ஷாஃப்ட் வரைங்க, டாலரன்ஸ் போடுங்க,” என்றார்கள். டாலரன்ஸ் என்றால் அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது. அந்த பேரிங்கின் உள்விட்டம் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பாவின் டூல் பாக்ஸில் அதே பேரிங் நான்கு கிடந்தது. கோர்ஸில் சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சொல்லித்தருபவர் எந்தத் துறையில் எத்தனை வருடம் வேலை செய்தார், வண்டியிலோ பாகத்திலோ கை வைக்க விடுவார்களா, போன பேட்ச் பிள்ளைகளில் இருவரிடம் நான் பேசலாமா. மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பு முடிந்து உடனே வேலை அமையவில்லை என்றால் அப்ரென்டிஸ்ஷிப் போங்கள். 1961ஆம் வருடத்து அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் டிப்ளமோ, பி.இ. முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் தொழிற்சாலைகள் இருக்கின்றன, நம் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரும் தூரம். ஒரு வருடம் உற்பத்தி லைனில் நின்றவர் வரையும் டிராயிங் வேறு மாதிரி இருக்கும், ஸ்பேனர் நுழைய இடம் விட்டு வரைவார். பிடதி, பீன்யா பக்கம் போகிறவர்களுக்குக் கன்னடம் வேண்டும். ஸ்ரீராமபுரத்துப் பிள்ளைகளுக்கு அது தெருவிலேயே வந்துவிடுகிறது, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் மாதமே பேச ஆரம்பித்துவிடுங்கள்.

மின் வண்டிகளில் கை வைப்பதற்கு முன்

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிளைப் பார்த்தால் அது ஹை வோல்டேஜ். டி.சி.யில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்று இந்தத் துறையில் கணக்கு வைக்கிறோம், கார்களிலோ அது பல நூறு வோல்ட். முறையான பயிற்சி இல்லாமல், கையுறை இல்லாமல், தனியாக, அதைத் திறக்கவே கூடாது. ஹை வோல்டேஜ் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, அளந்து, பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். பெட்ரோல் வண்டியில் தப்பு செய்தால் கை அழுக்காகும், சுடும். இங்கே இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. பழைய லித்தியம் செல்களைக் காயலாங்கடையில் வாங்கி வீட்டில் சால்டரிங் வைத்து பேக் கட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நேர்காணல்

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் என் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். “பிரேக்கை மிதிக்கிறீங்க. பாதத்திலிருந்து ரோடு வரை என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.” பத்து நிமிடம் தருவேன். மிதி ஒரு நெம்புகோல், அங்கேயே விசை பெருகுகிறது. பூஸ்டர் மேலும் தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை இரண்டு தனித்தனிப் பாதையில் அனுப்புகிறது. ஏன் இரண்டு? ஒன்று ஒழுகினாலும் மற்றது வண்டியை நிறுத்த வேண்டும். ஏன் ஆயிலை வருடங்களுக்கு அப்படியே விடக்கூடாது? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கொதிநிலை இறங்கும், நந்தி மலையிலிருந்து இறங்கும்போது மிதி தொளதொளவென்று போய்விடும். பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது, ஓட்டம் சூடாக மாறுகிறது. கடைசியில் நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள பிடிமானம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால், அதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். எப்படித் தெரிந்துகொள்கிறது? மின் வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறும்போது இதில் எது மாறும்?

முழுதும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. தெரியாத இடத்தில் பிள்ளை நிறுத்தி, “இங்க ஒரு பிரஷர் கேஜ் போட்டுப் பார்ப்பேன்” என்று சொன்னால் என் பேனா தானாக டிக் போடும். பயோடேட்டா ஒரு பக்கம் போதும். “கடின உழைப்பாளி” என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் அளந்த ஒரு எண்ணை எழுதுங்கள்.

வேலை கிடைத்ததும் முதல் நாளே ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். ஃபோனில் வேண்டாம், சோதனைக் கூடம் பலவற்றில் ஃபோனை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், வெயிலா மழையா, பேட்டரி வோல்டேஜ், என்ன செய்தோம், என்ன வந்தது. யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து அவரிடமே கேட்க வேண்டி வரும். எனது முதல் நோட்டில் அந்த நான்காம் மாதத்துப் பக்கம் கிரீஸ் கறையோடு இன்னும் இருக்கிறது: “பேட்டரி 12.4. பின் 6, 14: 120. முன் சீட்டுக்கு அடியில் கனெக்டர், மூன்றாம் பின் பூட்டவில்லை. அண்ணன் அழுத்திப் பூட்டினார். 60. நாற்பது கி.மீ. ஓட்டினோம், விளக்கு வரவில்லை. நாளைக்கு இதே கனெக்டரை மற்ற இரண்டு வண்டியிலும் பார்க்கணும்.”